வாயடங்காத சலங்கை மணி

வலது கால் சலங்கையில் ஐம்பது மணிகள். அதில் முத்துமணிக்கு மட்டும் அடங்கிக் கிடப்பதென்றால் ஆகாது.

ஜதியை முடித்துவைக்கும் தீர்மான அடவு முடிந்ததும் ஆடுகிறவள் ஒற்றைக்காலில் சிலைபோல நிற்பாள். மற்ற மணிகளெல்லாம் கப்சிப். முத்துமணி மட்டும் "கிணிங்" என்னும்.

"ஏய், அவ அசையாம நிக்கிறதுதான்டி அழகே! வாயை மூடு, அறுத்து எறிஞ்சிடப் போறாங்க" என்றது பக்கத்து மணி.

"போடி! அம்பது பேரும் சேர்ந்து கத்தும்போது என் குரல் எவனுக்குக் கேக்குது? எல்லாரும் சும்மா இருக்கும்போது கத்தினாத்தானே என் பேரு தெரியும்!"

தெரிந்துவிட்டது. அரங்கேற்றத்துக்கு முந்தின நாள் நட்டுவனார் அதை மட்டும் தேடிப் பிடித்து நூலை அறுத்தார். கைமாறிக் கைமாறி அது ஓர் ஆட்டின் கழுத்துக்கு வந்து சேர்ந்தது.

முத்துமணிக்குத் தலைகால் புரியவில்லை. "அம்பதுல ஒண்ணா கிடந்தேன். இப்ப பாரு, தனிக் கச்சேரி!"

ஒரு நாள் ஆடு பூனைபோல அடியெடுத்து வைத்து அவரைத் தோட்டத்துக்குள் நுழைந்தது. மணி விடுமா? கிணிங், கிணிங்!

தோட்டக்காரர் கம்போடு பாய்ந்து வந்தார்.

"பாவி, கெடுத்தியே!" என்று ஆடு எகிறி ஓடியது.

"ஏன்டா ஓடுற? நான் வாயைத் திறந்ததுமே ரசிகர் எப்படி ஓடி வர்றார் பாரு, நில்லுடா!" என்றது மணி.