ருசி பார்க்க ஒரு கரண்டி

பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் கரண்டியைப் பிடித்தபடி அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வந்துவிட்டாள் முத்துச்செல்வி.

இடுப்பில் கைப்பிள்ளை. கையில் தட்டு. முகத்தில் நீதிபதிக் களை.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போடுமுன் பள்ளிக் குழுவில் மெம்பராக இருக்கும் பெற்றோரில் ஒருவர் ருசி பார்த்துச் சரி சொல்ல வேண்டும். மற்றவர்களாக இருந்தால் ஒரு வாய் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடிவிடுவார்கள். இந்த வருஷம் முத்துச்செல்வி தானாகவே முன்வந்து அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டாள்.

சும்மா யாராவது பொறுப்பை வாங்குவார்களா?

இந்தச் சமையல் வேலையை இரண்டு பேருமே கேட்டிருந்தார்கள். கிடைத்தது அவளுக்கு. முத்துச்செல்விக்கு இல்லை.

பக்கத்து ஊரில் ஒரே ஒரு புகார். சமையல்காரி வேலை போய் மறுநாளே களை வெட்டப் போய்விட்டாள்.

"யக்கா, நேத்து உப்பு இருந்துச்சா இல்லையான்னே தெரியல. இன்னிக்கு ரெண்டு கரண்டியா வைங்க. நல்லாப் பாத்துச் சொல்றேன்." முத்துச்செல்வி தட்டை நீட்டினாள்.

வைத்தாள்.

"கேரட்டு அடியில கெடக்கும். வெந்துருக்கான்னு பாக்கணும்லா."

அள்ளினாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒதுக்கித் தள்ளுகிற கேரட், பீன்ஸ் எல்லாம் முத்துச்செல்விக்கு மட்டும் வெந்திருக்க வேண்டும்.

என்ன நாக்கோ அது. கடலையே மொண்டு கொடுத்தாலும் உப்புக் குறைவு என்று திருப்பி அனுப்பிவிடும்.

அதுகூடப் பரவாயில்லை. எல்லோரும் பார்க்க நின்று தின்றால் என்ன? தினமும் தட்டோடு பின்பக்கம் போகிறாள். காலித் தட்டோடு வருகிறாள்.

பின்பக்கம் என்ன நடக்கிறது?

பல்லியைப் போட்டுப் படம் எடுக்கிறாளோ. பொட்டலம் கட்டிக் கலெக்டருக்கு அனுப்புகிறாளோ. இதற்குள் இவள் கிண்டிய கிச்சடி மதுரையைத் தாண்டி, சென்னையைத் தாண்டி, டெல்லியில் ஏதோ ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் கிடக்குமோ.

அன்றைக்கென்று அதிகாரி வேறு வந்திருந்தார். கிச்சடித் தட்டும் கையுமாக நின்று, காய்கறி போதுமா, பிள்ளைகள் எடை கூடியிருக்கிறதா என்று தலைமையாசிரியையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு முத்துச்செல்வி இவள் கதையை முடித்துவிடுவாள்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுப் பின்பக்கத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

தண்ணீர்த் தொட்டி ஓரம் முத்துச்செல்வி குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். கேரட்டை விரலால் நசுக்கினாள். ஊதினாள். பிள்ளையின் வாயில் வைத்தாள்.

இரண்டு வயது இருக்கும். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அது மெல்லவில்லை. அப்படியே விழுங்கியது. விழுங்கிவிட்டு அம்மாவின் விரலைக் கடித்தது.

முத்துச்செல்வியின் வாய்க்குள் ஒரு கவளம்கூடப் போகவில்லை.

கடைசியில் தட்டை வழித்தாள். அதுவும் பிள்ளைக்கு.

ஜன்னலில் நின்றவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். நாக்கிலேயே வைக்காமலா இத்தனை நாளும் உப்பில்லை என்றாள்?

அந்தக் கோபத்தைக் கொஞ்ச நேரம் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

நிற்கவில்லை.

"இது யாரு பிள்ளை?"

அதிகாரி. தட்டோடு அப்படியே சுற்றிப் பார்த்துக்கொண்டு பின்பக்கம் வந்துவிட்டார்.

"இது இங்க படிக்கிற பிள்ளை இல்லையே. வெளிப் பிள்ளைக்கெல்லாம் யாரு சாப்பாடு கொடுக்கிறது?"

அவள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

முத்துச்செல்வி எழுந்து தட்டை முந்தானைக்குள் மறைத்தாள். அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்த்தாள்.

எனக்குத் தெரியாது சார், அவளாகத்தான் கொண்டுபோகிறாள் என்றால் போதும். முத்துச்செல்வி இனி இந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே வர முடியாது.

தெரிந்தேதான் கொடுக்கிறேன் என்றால் இவள் நாளைக்குக் களை வெட்டப் போக வேண்டியதுதான்.

கை கரண்டியைத் தேடியது. அதை அடுப்பிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அவருதான் சார் ருசி பாக்குற மெம்பரு," என்றாள், பிள்ளையைக் காட்டி. "அவுக அம்மா சும்மா தூக்கிட்டு வர்றா."

யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி அவளைப் பார்த்தார். முத்துச்செல்வியைப் பார்த்தார். பிறகு அந்தக் கழுத்தெலும்பைப் பார்த்தார்.

பிள்ளை அவர் கையிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் மெதுவாகக் குனிந்தார்.

"மெம்பர் என்ன சொல்றாரு?"

பிள்ளை வாயைத் திறந்தது.