சராசரியில் ஓடும் கொள்ளிடம்

அவள் தட்டிய தட்டில் விசைப்பலகை ஒரு முழம் எகிறியது.

திரையில், அவள் போட்ட கணக்குப்படி, கடல் ஆற்றுக்குள் ஏறியது. உப்புக்குச் சிவப்பு, நல்ல தண்ணீருக்கு நீலம்.

முகத்துவாரம் சிவந்தது. இறால் பண்ணைகள் சிவந்தன. பாலம். அதற்கும் மேலே, குடிநீர்த் திட்டத்துக்குக் கிணறு இறக்கப்போகும் இடம்.

அங்கேயும் நிற்கவில்லை.

விட்டிருந்தால் கல்லணை வரை போய்க் காவிரியிடம் நலம் விசாரித்துவிட்டு வந்திருக்கும்.

"ஆத்துல எவ்வளவு தண்ணிம்மா விட்டே?" என்றார் பொறியாளர் திருமேனி.

"மே மாசம் வர்றதைத்தான் சார். ஒண்ணும் வர்றதில்ல. பூஜ்ஜியம்."

அவர் சிரித்தார். மூன்று மாவட்டத்துக்குப் போதுமான சிரிப்பு.

"வருஷ சராசரியப் போடும்மா. எல்லாரும் அதான் போடுவோம்."

ஐப்பசியில் சில நாள் ஊரையே உருட்டிக்கொண்டு போகும் வெள்ளம். அதைப் பிட்டுப் பிட்டு எல்லா மாதத்துக்கும் வைத்தால் அக்னி நட்சத்திரத்திலும் ஆறு கரைபுரளும்.

கணினியில்.

போட்டாள். பல்லைக் கடித்த சத்தம் மொட்டைமாடி வரை கேட்டிருக்கும்.

சிவப்பு வாலைச் சுருட்டிக்கொண்டு முகத்துவாரத்துக்கே ஓடியது. கிணற்று இடம் நீலம். பச்சைக்குழந்தைக்குப் புகட்டலாம் போன்ற நீலம்.

"பாத்தியா, நம்ம ஆபீஸ்னா கடலுக்கே ஒரு மரியாதை."

அந்த நேரத்து அவள் கோபத்தில் ஒரு கலம் நெல்லை அவித்திருக்கலாம்.

"சார், தீபாவளிக்கு மொத்தமாப் பந்தி போட்டுட்டு, மிச்ச நாளெல்லாம் சராசரியாச் சாப்பிட்டதா நெனச்சுக்குங்கன்னா உங்க வீட்ல ஒத்துக்குவாங்களா?"

மின்விசிறிகூட ஒரு சுற்றுத் தயங்கியது.

"படத்தைக் குடிநீர்த் திட்டக் கூட்டத்துக்கு அனுப்பிடு," என்றார். "நான் பாத்தாச்சுன்னு போட்டுடு." சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அவளுடையது ஒப்பந்த வேலை. மாதக் கடைசியில் புதுப்பிப்பவர் அவர்தான்.

வரப்போகும் அந்தக் கிணற்றை நம்பிக் கரையோரத்து ஊர்கள் குடத்தோடு நின்றன.

மின்னஞ்சலில் கூட்டத்தார் பெயர்கள் வரிசையாக இருந்தன. கீழே ஊராட்சித் தலைவர்களையும் சேர்த்தாள். ஒருவர் விடாமல்.

சிவப்புப் படத்தை இணைத்தாள்.

‘பொறியாளர் திருமேனி அவர்கள் பார்வையிட்டார்.’

பொய்யில்லை.

பார்க்கத்தானே பார்த்தார்.