எலி கடித்த கேபிள்

"என் வேலை போச்சுன்னா நீயா வந்து இந்த வீட்டுக்குச் சோறு போடுவே?"

கதவைத் திறந்ததுமே வீட்டுக்காரர் கத்தினார். நெட் ரிப்பேருக்கு வந்தவனுக்கு இந்த வீட்டில் ஒரே மாதத்தில் இது மூன்றாவது நடை. வாங்கிக் கட்டிக்கொள்வது பழகிவிட்டது.

"பதினோரு மணிக்கு மீட்டிங். மொதல்ல ரூட்டரை மாத்தினே, அப்புறம் அடாப்டரை மாத்தினே. இன்னும் எதைத்தான் மாத்தப்போறே?"

வீட்டுக்குள்ளேயே இஸ்திரி போட்ட சட்டை. கண்ணில் மட்டும் தூக்கமில்லாத சிவப்பு. பாவமாகத்தான் இருந்தது.

அவர் மனைவியோ இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். புருஷன் இந்தக் கத்துக் கத்துகிறார், இவளுக்கு ஒரு பதற்றமும் இல்லையே!

அவர் முகம் கழுவப் போனார். அவன் தன் லேப்டாப்பை ரூட்டரில் நேராகச் சொருகினான். லைன் வந்தது. அப்படியானால் பழுது அவர் ரூமுக்குப் போகிற கேபிளில்தான். எலி கடித்திருக்கும் என்று சுவரோரமாகத் தடவிக்கொண்டே போனவன், பீரோவுக்குப் பின்னால் நின்றுவிட்டான்.

எலி கடித்தால் பிசிறடிக்கும். இது கத்தரிக்கோல் வெட்டு.

நிமிர்ந்தான். எதிரே மனைவி.

"நீங்களாம்மா? அப்போ அடாப்டரை உடைச்சதும் நீங்கதானா? அந்த மனுஷன் வேலைக்கே உலை வெக்கிறீங்களே!"

அவள் அழுதுவிட்டாள்.

"சத்தம் போடாதீங்க தம்பி. ரூட்டர் மட்டும் தானாத்தான் செத்துச்சு. அன்னைக்குக் காலையிலேருந்து அதுல ஒரு லைட்டும் எரியல. அவர்கிட்ட சொல்லலாம்னு ரூம் வாசலுக்குப் போனேன். உள்ளே 'சரி சார், அனுப்பிடறேன் சார்'னு மீட்டிங்ல பேசிட்டிருந்தார்."

"நெட்டே இல்லாமலா?"

"பயந்துபோய் அவர் ஆபீஸுக்கு போன் போட்டேன். வேலையை விட்டு நிறுத்தி ரெண்டு மாசமாச்சாம். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவர் தாங்க மாட்டார்."

"அதுக்கு எதுக்கும்மா கேபிளை வெட்டணும்?"

"லைன் இருந்தா சாயங்காலம் வரைக்கும் யாருமே இல்லாத கம்ப்யூட்டர்கிட்ட தனியாப் பேசிட்டே கிடக்கறார் தம்பி. லைன் இல்லேன்னு தெரிஞ்ச நாள்லதான் வெளியே வந்து, உங்களை நாலு திட்டு திட்டிட்டு, என்னோட உட்கார்ந்து ரெண்டு வாய் சாப்பிடறார்."