வரிசையில் இரண்டு தாள்

“உள்ளுக்குள்ள ரெண்டு நிக்குதுண்ணே. விடவா, அழிக்கவா?” என்றான் கருப்பணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காபி டம்ளர்களோடு வந்த ரூபி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

கோழித் தீவனக் கடைக்கு பில் அடிக்க அண்ணன் கிறிஸ்துராஜ் திங்கட்கிழமை வாங்கி வந்த பிரிண்டர் அது. வீட்டிலிருந்த கம்ப்யூட்டரோ பத்து வருடப் பழசு. விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்குகிறது என்று கருப்பணன்தான் அதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்திருந்தான். பிரிண்டரின் பெயர் திரையில் வந்தது. தாள்தான் வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்து பார்க்கிறேன் என்றவன், சனிக்கிழமை சாயங்காலம் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

“நிக்குதுன்னா?” அண்ணன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“யாரோ பிரிண்ட் குடுத்திருக்காங்க. மிஷின் ஓடலைல்ல, அதான் வரிசையில நிக்குது. கம்ப்யூட்டர அணைச்சாலும் போகாதுண்ணே. பந்தியில உக்காந்த ஆளு மாதிரி, இலை போடுற வரைக்கும் எந்திரிக்காது.”

அணைத்தால் போய்விடும் என்றுதான் ரூபி நினைத்திருந்தாள்.

வியாழக்கிழமை அவள் அடித்தது, பங்குச் சாமியாருக்கு ஒரு மொட்டைக் கடிதம்.

நாளைக் காலைப் பூசையில் அவளுக்கு முதல் ஓலை. கீரனூர்க்காரர் இன்னாருக்கும் நம் பங்கைச் சேர்ந்த ரூபிக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சாமியாரிடம் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். மாப்பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்று. மூத்த தாரம் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏழு கோழிப்பண்ணை. அண்ணன் கடையில் மூட்டை எடுப்பவர்களில் அவரை மிஞ்ச ஆளில்லை.

சாமியார் கூப்பிட்டுக் கேட்டபோது, சம்மதம் என்றுதான் ரூபி சொன்னாள். அண்ணன் அவள் முதுகை ஒட்டி நின்றிருந்தான்.

கையால் எழுத வழியில்லை. பாடற்குழுவுக்கு ஆறு வருடமாகப் பாட்டு எழுதிக் கொடுப்பவள். அவள் எழுத்து கோயிலுக்கே தெரியும். தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரர் அண்ணனின் கூட்டாளி. அங்கே அடித்த தாள் அவள் வீடு திரும்புமுன் அண்ணன் கைக்குப் போயிருக்கும். அதனால்தான் இந்தக் கம்ப்யூட்டர். ‘ரூபி என்ற அந்தப் பெண் மனதார சம்மதிக்கவில்லை’ என்று யாரோ போல எழுதினாள். தடயம் இருக்கக் கூடாதென்று சேமிக்காமலே பிரிண்ட் கொடுத்தாள். ஒன்றும் வரவில்லை. மூடிவிட்டாள்.

அப்போதுகூட மதினி சகாயராணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். “அந்த மிஷினத் தொடாத ரூபி. ஒங்கண்ணே வரட்டும்!”

இந்த வாரம் முழுக்க மதினி அந்த அறையையே சுற்றிச் சுற்றி வந்தாள். கருப்பணன் எப்போது வருவான் என்று இன்று மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டாள். அண்ணன் வைத்த காவல் என்று ரூபிக்குத் தெரியாதா என்ன?

“பேரு கீரு இருக்கா?” என்றான் அண்ணன்.

“இல்லண்ணே. ரெண்டுமே சேவ் பண்ணாம குடுத்தது.”

ரூபி எட்டிப் பார்த்தாள். திரையில் இரண்டு வரி. கீழ் வரி, இரண்டு நாளுக்கு முன். அது அவளுடையது. மேல் வரி, மூன்று நாளுக்கு முன். அப்படியானால் புதன்.

புதன்கிழமை அவள் வீட்டிலேயே இல்லை. அண்ணனோடு கீரனூரில், மாப்பிள்ளை வீட்டில் இருந்தாள்.

“அழிச்சிருங்க. சும்மா தட்டிப் பாத்தது,” என்றாள்.

“எதுக்கு அழிக்கணும்? விடுப்பா. மிஷின் ஓடுதான்னு தெரியணும்ல.”

அடுப்படியில் மிக்ஸி நின்றது.

பிரிண்டர் ஒரு முறை கனைத்தது. முதல் தாளை உள்ளே இழுத்தது.

ரூபி சுடச்சுட ஒரு டம்ளரை அண்ணன் கையிலும் இன்னொன்றைக் கருப்பணன் கையிலும் திணித்தாள். அண்ணன் அதை வைக்க இடம் தேடுவதற்குள், வெளியே வந்த தாளை எடுத்துவிட்டாள்.

படித்தாள். எட்டு வரி. அவள் எழுதியதில் ஒரு வரிகூட இல்லை.

நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் மதினி நின்றிருந்தாள். விரல்களில் தேங்காய்ச் சட்னி ஒட்டியிருந்தது. கழுவத் தோன்றவில்லை போலிருக்கிறது. அவள் ரூபியைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தாள்.

இரண்டாவது தாள் வரத் தொடங்கியது.

“என்னதுன்னு குடு பாப்போம்.” அண்ணன் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கை நீட்டினான்.

ரூபி முதல் தாளை நான்காக மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். இரண்டாவது தாள் முழுசாக விழும்வரை காத்திருந்தாள். தானே எடுத்தாள். தானே அண்ணனிடம் நீட்டினாள்.

“ரெண்டும் ஒண்ணுதாண்ணே. பதட்டத்துல ரெண்டு தரம் அமுக்கிட்டேன். சாமியாருக்கு நான்தான் எழுதுனேன்.”

கருப்பணன் திரையை ஒரு தடவை பார்த்தான். அடுப்படி வாசலை ஒரு தடவை பார்த்தான். நாட்கள் காட்டிய அந்தக் கட்டத்தை மூடினான்.

அண்ணன் உதட்டை அசைத்து அசைத்துப் படிக்க ஆரம்பித்தான். மூன்றாவது வரியில் உதடு நின்றது.

ரூபி நகரவில்லை. உள்ளங்கைக்குள் காயாத மை பிசுபிசுத்தது. மடித்த தாளின் கடைசி வரி அவளுக்கு அதற்குள் மனப்பாடமாகியிருந்தது.

‘பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கும் இதே கோயிலில் மூன்று ஓலை வாசித்தார்கள் சாமி. யாரும் எழுதவில்லை.’