ஒரு புள்ளிப் பச்சை

பதினாறு நாளைக்கு ஒருமுறை ஒரு செயற்கைக்கோள் அந்த அலையாத்திக் காட்டைப் படமெடுக்க வரும். ஆற்றங்கரையில் பெரிய சுரபுன்னை மரம் ஒன்று அதற்காகவே காத்து நிற்கும்.

"அக்கரையிலே பச்சை தெரியுதா தம்பி? என் விதையெல்லாம் அங்கேதான் மிதந்து போச்சு."

"வெறும் சேறுதான் தெரியுதுக்கா. சின்னச் செடி என் கண்ணுக்குப் பிடிபடாது. ஆனா உன் கரை அரிக்க அரிக்க, அந்தக் கரை வளருது."

"என் காலடி மண்ணா அங்கே போகுது?"

"ஆமாக்கா."

மரம் தன் வேர்கள் பிடித்திருந்த மண்ணைப் பார்த்தது. "அப்ப நான் எதுக்கு இதை இப்படி இறுக்கிப் பிடிச்சுட்டு நிக்கிறேன்?" என்றது.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. மேகம் மறைத்து, மாதக்கணக்கில் படமே விழவில்லை.

வானம் வெளுத்த அன்று எதிர்க்கரையில் ஒரு புள்ளிப் பச்சை தெரிந்தது. சொல்லும் ஆசையில் செயற்கைக்கோள் இந்தப் பக்கம் பார்த்தது. மரம் நின்ற இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு புள்ளி போனது, ஒரு புள்ளி வந்தது, காட்டின் பரப்பில் மாற்றமில்லை என்று அது வழக்கம்போல் கீழே தகவல் அனுப்பியது.

இப்போதும் அந்தத் தண்ணீருக்கு மேலே வரும்போதெல்லாம், யாரும் கேட்காமலே, "தெரியுதுக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறது.