நோயற்றவரின் ரத்தம்

மஞ்சள் தெரியக் கூடாத குழியில் மஞ்சள் தெரிந்தது.

அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மஞ்சள்தான்.

ஆய்வுத் தட்டின் மற்ற குழிகளில் இருந்தது மலேரியா நோயாளிகளின் ரத்தம். அவை மஞ்சளாவது நியாயம். கிருமி நுழைந்ததும் ரத்தத்தில் சைட்டோகைன்கள் என்னும் எச்சரிக்கைப் புரதங்கள் கூச்சலிடும். கூச்சல் கூடக்கூட மஞ்சள் அடரும். எல்லை மீறினால் அந்தக் கூச்சலே ஆளைச் சாய்த்துவிடும்.

யார் சாயப்போகிறார் என்று மஞ்சளை வைத்து முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது அவளுடைய ஆராய்ச்சி.

சொல்ல முடியாது என்பது அவளுடைய நெறியாளரின் கருத்து.

இந்தக் குழியில் இருந்தது நோயில்லாத ஒருவரின் ரத்தம். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. துறை மாணவர்கள் எல்லோரும் கொடுத்து முடித்துவிட்டார்கள். இப்போதெல்லாம் அவளைக் கண்டால் வேறு மாடிப்படியில் இறங்குகிறார்கள்.

ஆகவே நெறியாளரே முழங்கை மடிப்பு தெரியக் கையை நீட்டி ரத்தம் கொடுத்திருந்தார்.

தட்டிலேயே அடர்ந்த மஞ்சள் அவருடையது.

"பிளேட்டை ஒழுங்கா கழுவலம்மா நீ," என்றார் அவர்.

கழுவி, மறுபடி செய்தாள். மஞ்சள்.

"டெஸ்ட் கிட்டு பழசும்மா."

புதுசு பிரித்தாள். இன்னும் நல்ல மஞ்சள்.

இரண்டு வாரத்துக்கு முன் ராமநாதபுரம் பக்கம் கொசுவலை வழங்கும் விழா. மாலை முழுக்க அவர்தான் பேசினார். கொசுக்கள் மட்டும் கடைசிவரை இருந்தன.

"காய்ச்சல் இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"உடம்பு வலிதான். கல்யாண வீட்டு அலைச்சல். அந்த ஏசியைக் கொஞ்சம் குறை, குளிருது."

அந்த ஏசி ஓடி ஒரு வருடமாகிறது.

"எந்திரிங்க சார். ஆட்டோ வாசல்ல நிக்குது."

அவள் அவரிடம் இப்படிப் பேசியதே இல்லை. அவர் எழுந்துவிட்டார்.

மருத்துவமனையில் மலேரியா என்று உறுதியானது. விடிவதற்குள் அவருக்கு நினைவு தப்பியது. மருந்து அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது.

"நாளைக்குன்னு விட்டிருந்தா கஷ்டம்," என்றார் டாக்டர். "யாரு கண்டுபிடிச்சது?"

அவள் வகுப்பில் தூக்குவதுபோல் கை தூக்கினாள்.

மூன்றாம் நாள் அவர் கண் திறந்தார். கூரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ஒரே ஒரு ஆளை வச்சு எதையும் நிரூபிக்க முடியாதும்மா."

"தெரியும் சார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நோயாளி முன் சிரிக்கக் கூடாது.

சிரித்தாள்.

அவருடைய ஒரு கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, மறு கையை அவள் பக்கம் நீட்டினார்.

முழங்கை மடிப்பு மேலே தெரியும்படி.