நூற்று நாற்பது பெயர்கள்

"எழுதுற கைய ஒடிங்கடா."

சவுக்குக் கட்டை பேராசிரியர் ஜாஃபர் சாதிக்கின் இடது முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் துறை வாசலில் நின்ற பூர்ணிமாவுக்குக் கேட்டது.

உள்ளே ஏழெட்டுப் பேர். எல்லோரும் முகத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒருவன் கடப்பாரையால் பீரோவை நெம்பினான். கட்டையோடு நின்ற நெட்டை ஆள் சாரின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். உதடு கிழிந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது.

அவள் அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்க வேண்டியவளே இல்லை. காலையில் சார் ஏதோ கையெழுத்து வாங்கிவரச் சொல்லி அவளைக் குடவாசலுக்கு அனுப்பியிருந்தார். பதினொரு மணிக்கு அரசு அதிகாரி வரும்போது அவரைத் தனியாக விட மனமில்லாமல் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பியிருந்தாள். அவளைப் பார்த்ததும் சாரின் முகம், அடி விழுந்தபோது கோணியதைவிட அதிகமாகக் கோணியது.

பூர்ணிமா அவருடைய ஆய்வு மாணவி. வயலில் குழாய் பதிக்க வந்தவர்களை மறித்த ஊர்க்காரர்கள்மேல் போலீஸ் தடியடி நடத்தியது. ஒருவருக்கும் காயமில்லை என்றது அரசு. ஜாஃபர் சாதிக் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஊர்களில் வீடுவீடாகப் போய் நூற்று நாற்பது பேரிடம் வாக்குமூலம் வாங்கினார். பெயரை யாரிடமும் காட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் வாங்கினார். கூடவே வேலை செய்த பூர்ணிமாவுக்கே எண்கள்தான் தெரியும், பெயர் தெரியாது.

முப்பத்தோரு பேருக்கு எலும்பு முறிவு என்று ஆய்வு வெளியானது. அறிக்கையைத் திரும்பப் பெறச் சொல்லிக் கடிதம் வந்தது, சார் மறுத்தார். ஆய்வுக்கான நிதி நின்றது. கடைசியாக வந்த உத்தரவு, பெயர்கள் உள்ள மூலத்தாள்களை அன்று நேரில் வரும் அதிகாரியிடம் ஒப்படைக்கச் சொன்னது. மறைத்தாலோ அழித்தாலோ வேலை போகும், ஜெயிலும் உண்டு. அதைப் படித்த நாளிலிருந்து சார் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்போது அந்தத் தாள்கள் நான்கு கட்டுகளாக வராந்தாவில் விழுந்தன. ஒருவன் பெட்ரோலை ஊற்றினான். இன்னொருவன் ஹார்ட் டிஸ்க்கைத் தரையில் வைத்துக் கடப்பாரையால் குத்திக் குத்திச் சில்லுசில்லாக்கினான். இரண்டு வருட உழைப்பு குப்பென்று பற்றிக்கொண்டது.

பூர்ணிமா உள்ளே பாய்ந்தாள். கையில் அகப்பட்ட இரும்பு ஸ்டூலைத் தூக்கி, நெட்டை ஆளின் மண்டையில் முழு பலத்தோடு இறக்கினாள்.

அவன் முழங்கால் மடங்கிச் சரிந்தான். துண்டு நழுவியது. நரைத்த மீசை, கிழிந்த இடது காது மடல், கண்ணுக்குள் இறங்கும் ரத்தம். அந்த முகத்தை ஒரே பார்வையில் மனதில் பதித்துக்கொண்டாள். அவன் திருப்பி அடிப்பான் என்று பல்லைக் கடித்து நின்றாள். அவனோ துண்டை அள்ளி மூடிக்கொண்டு தள்ளாடி எழுந்து ஓடினான். மற்றவர்களும் சுவர் ஏறிக் குதித்தார்கள்.

அதிகாரி இன்ஸ்பெக்டரோடு வந்தபோது சாம்பல்தான் மிச்சம். ரத்தத்தில் கிடந்தவரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷூ முனையால் சாம்பலைக் கிளறி, ஒரு தாள்கூடத் தேறவில்லையா என்று மூன்று முறை கேட்டார். ஆளை ஏவிவிட்டு என்ன நடிப்பு நடிக்கிறான் பார் என்று பூர்ணிமா உள்ளுக்குள் கொதித்தாள்.

மத்தியானம் அரசு ஆஸ்பத்திரியில் சாரின் கைக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். உதட்டில் நான்கு தையல். யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று அவர் இன்ஸ்பெக்டரிடம் சொன்னது பூர்ணிமாவுக்கு எரிச்சலாக வந்தது. பயந்துவிட்டாரோ என்றுகூட நினைத்தாள். தன்னால் ஒருவனைக் காட்ட முடியும் என்றாள் அவள். இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுதப் பேப்பர் வாங்கிவர வெளியே போனார்.

அப்போதுதான் வார்டுக்குள் ஒரு பெண், கணவனைத் தாங்கிப்பிடித்து அழைத்துவந்தாள். அவன் தலையில் சுற்றிய வேட்டித் துணி முழுக்கச் சிவந்திருந்தது. தென்னை மட்டை விழுந்துவிட்டது என்று அவள் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நரைத்த மீசை. கிழிந்த காது மடல்.

"சார், அவன்தான்," என்று பூர்ணிமா எழுந்தாள். வார்டு வாசலில் இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் சத்தம் கேட்டது.

சாரின் வலது கை, அவர் எழுதும் கை, அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. அடிபட்டவருக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று அவள் திகைத்தாள். எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தவன் சாரைப் பார்த்தான். பார்த்தவன், மாவுக்கட்டுப் போட்ட கையைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"காட்டிக் குடுத்துடாதம்மா," என்றார் சார், தையல் போட்ட உதடு அசையாமல். "அந்த நூத்திநாப்பது பேருல அவரும் ஒருத்தரு."

பூர்ணிமா மெல்ல உட்கார்ந்தாள்.

"நான்தான் வரச்சொன்னேன்."